கட்டற்ற நிலைபொருளும் தமிழ் எழுத்தும்: சிறு மின்னூல் வாசிப்பான்களை முன்வைத்து ஒரு கருத்துரை

தமிழ் நூல் ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குப் பெயர்ந்த ஒவ்வொரு காலத்திலும் எழுத்தின் வடிவம் சிக்கலுக்கு உள்ளாகியிருக்கிறது. ஓலையில் புள்ளி இடப்படாமையால் மெய்யும் அகரமேறிய உயிர்மெய்யும் ஒன்றுபோல் நின்றன. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு மயங்கியது. காலும் ரகரமும் பிரித்தறிய இயலாதனவாயின. இம்மயக்கங்களை அவிழ்த்து ஏட்டுநூல்களை அச்சேற்றியவர்கள் சி.வை. தாமோதரம் பிள்ளை, உ.வே. சாமிநாதையர் முதலிய புலவர்கள். அச்சிலிருந்து கணினிக்குப் பெயர்ந்தபோது அப்பணி பெரும்பாலும் பொறியாளர்களின் கைக்குப் போயிற்று. தமிழ்த்துறைகள் அங்கே பயனாளிகளாகவே இருந்தன. இன்று மூன்றாவது பெயர்ச்சி ஒன்று சிறிய அளவில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. உள்ளங்கையளவுள்ள மின்னூல் வாசிப்பான்களுக்குத் தன்னார்வலர்கள் கூடித் தாமே நிலைபொருள் எழுதி, அதன் மூலநிரலை எவரும் திருத்தும்படி வெளியிடுகின்றனர். அந்நிரலில் தமிழ் இடம்பெறுமா, பெற்றால் பிழையின்றி இடம்பெறுமா என்பது நிரலாளர்க்கு மட்டும் உரிய வினா அன்று. தமிழ்த்துறைகள் விடை தரவேண்டிய வினா அது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நிலைபொருள் என்பது கருவியின் வன்பொருளோடு நிலையாகப் பதிந்து, திரை, பொத்தான், நினைவகம் ஆகியவற்றை இயக்கும் மென்பொருள். கருவியை விற்கும் நிறுவனமே அதனையும் எழுதும், பூட்டியும் வைக்கும். இப்பூட்டு திறக்கப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் வலைத்திசைவியில் பொது உரிமம் பெற்ற நிரல்கள் அடங்கியிருந்தமையால் அதன் மூலநிரல் 2003-இல் வெளியிடப்பட நேர்ந்தது. அதன் தொடர்ச்சியாக ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் சமூக நிலைபொருள் உருவாயிற்று. இசைக்கருவிகளுக்கு ராக்பாக்ஸ் 2001 முதல் இருந்துவருகிறது. மின்னூல் உலகில் கேஓரீடர் என்னும் கட்டற்ற செயலி கிண்டில், கோபோ, பாக்கெட்புக் முதலிய கருவிகளில் நிறுவனச் செயலிக்கு மாற்றாக இயங்குகிறது. இது முழு நிலைபொருள் அன்று. கருவியின் லினக்ஸ் அடித்தளத்தின்மேல் அமர்வது. எழுத்துகளை ஒழுங்குபடுத்த ஹார்ப்பஸ் என்னும் நிரலகத்தைப் பயன்படுத்துவதால் தகுந்த எழுத்துரு இருப்பின் தமிழ் அதில் பெரிதும் பிழையின்றித் தோன்றும்.

சிக்கல் இதனினும் சிறிய கருவிகளில் எழுகிறது. எக்ஸ்டீங்க் எக்ஸ்4 என்னும் சீனத் தயாரிப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 4.3 அங்குல மின்மைத் திரை; 480க்கு 800 படப்புள்ளிகள்; 74 கிராம் எடை; 69 அமெரிக்க டாலர் விலை, அதாவது நம் நாட்டு மதிப்பில் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபாய். இதனை இயக்குவது ஈஎஸ்பி32-சி3 என்னும் நுண்கட்டுப்படுத்தி. அதன் செயல்நினைவகம் 400 கிலோபைட்டு மட்டுமே; ஒரு சாதாரணக் கைப்பேசிப் படம் ஒன்றினைக்கூட அதில் வைக்க இயலாது. இக்கருவிக்கென 2025-இன் இறுதியில் கிராஸ்பாயிண்ட் என்னும் சமூக நிலைபொருள் தோன்றியது. நூலின் இயல்கள் ஒவ்வொன்றையும் பகுத்து நினைவட்டையில் எழுதிவைத்து, வேண்டும்போது வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டும் உத்தியால் நினைவகக் குறைபாட்டை அது கடக்கிறது. எழுத்துருவையோ முன்கூட்டியே புள்ளிப்படங்களாக மாற்றி நிலைபொருளுக்குள் பொதிந்து வைக்கிறது. ஒரு குறியெண்ணுக்கு ஓர் உருவம் என்னும் இம்முறை ரோமன், சிரிலிக் எழுத்துகளுக்குப் போதும். தமிழுக்குப் போதாது.

போதாமைக்குக் காரணம் தமிழாசிரியர்கள் அறிந்ததே. கணினியின் நோக்கில் ஒருமுறை கூறிவிடலாம். ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்து ஒலிப்பு முறைப்படி சேமிக்கப்படுகிறது: முதலில் மெய்க்குரிய உரு, பின்னர் உயிர்க்குறி. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்கு முன்னே நின்றாலும் சேமிப்பில் பின்னே நிற்கிறது. ‘கொ’ என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் நிற்கவேண்டும். ‘கு’, ‘மூ’, ‘டி’ போன்றவற்றில் குறியும் உருவும் இணைந்து புதுவடிவம் கொள்கின்றன. குறியெண் வரிசையை அப்படியே வரைந்து செல்லும் கருவியில் ‘பெண்’ என்னும் சொல் பகரத்திற்குப் பின் கொம்பு நிற்கும் உருக்குலைந்த வடிவிலேயே தோன்றும். எழுத்துருவில் தமிழ் உருவங்களைச் சேர்த்துவிட்டால் தமிழ் வந்துவிடும் என்று கருதுவோர் இவ்விடத்தில் ஏமாற்றம் அடைவர். ஜோயி காஸ்டில்லோ வடிவமைத்த ஓப்பன் புக் என்னும் கட்டற்ற வாசிப்பான் உலக எழுத்துகள் அனைத்தையும் ஒரு சிறு சில்லில் அடக்கும் உயர்ந்த நோக்குடன் குனு யூனிஃபாண்ட் புள்ளிப்படங்களைக் கையாண்டது. அந்நோக்கம் பாராட்டுக்குரியது, எனினும் உருவம் இருப்பது வேறு, உருவங்களைத் தமிழ் முறைப்படி அடுக்கத் தெரிவது வேறு.

126 உருவங்கள்

இதற்கு ஹார்ப்பஸ் போன்ற முழுமையான நிரலகமே தீர்வு என்பது பொறியாளர்களின் வழக்கமான விடை. தேவநாகரிக்கும் மலையாளத்திற்கும் அது பொருந்தலாம். கூட்டெழுத்துகளின் பெருக்கம் அங்கே உண்டு. தமிழ் எழுத்தோ இந்திய எழுத்துகளுள் மிக எளிமையாக எண்ணிவிடத்தக்கது. எண்ணியே பார்க்கலாம். உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகர ஈகார உயிர்மெய் 36, உகர ஊகார உயிர்மெய் 36, தனித்து நிற்கும் குறிகளாகிய கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு, ஔகாரத்தின் பின்னுறுப்பு என 5. ஆக 126 உருவங்கள். இவற்றைக் கொண்டு 247 எழுத்துகளையும் வரைந்துவிடலாம். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்திற்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறாறு உருவங்கள் சேர்த்தால் 30, ஸ்ரீ ஒன்று. மொத்தம் 157.

ஓர் உருவத்திற்குச் சராசரியாக 32 புள்ளி அகலமும் 32 புள்ளி உயரமும், ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு நிறநிலைகளும் கொண்டால் 256 பைட்டு ஆகும். 157 உருவங்களுக்கு ஏறத்தாழ 40 கிலோபைட்டு. ணகர, னகர வரிசைகளின் அகலத்தைக் கருதி இதனை இருமடங்காக்கினாலும் நான்கு எழுத்தளவுகளுக்கு 320 கிலோபைட்டுக்கு மேற்படாது. இவை செயல்நினைவகத்தில் இருக்கவேண்டியவையும் அல்ல. நிலைநினைவகத்தில் கிடந்து வேண்டும்போது எடுக்கப்படுபவை. கொம்புகளை முன்னே நகர்த்தவும் ஒகர ஓகார ஔகாரக் குறிகளைப் பிளக்கவும் உகரங்களை இணைக்கவும் வேண்டிய விதிகளை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பின் ணை, லை, றா, னா முதலியவற்றின் தனிவடிவங்கள் நீங்கியமையால் இவ்விதிகள் மேலும் குறைந்துவிட்டன. (பழைய வடிவங்களில் அச்சான நூலைப் பழைய வடிவிலேயே படிக்க விரும்பும் பதிப்பாய்வாளர் அவற்றைத் தனி அட்டவணையாகச் சேர்த்துக்கொள்ளலாம், கட்டற்ற நிலைபொருளின் நன்மை அதுவே.)

இவ்வழி புதியதன்று. ஒருங்குறி பரவுவதற்கு முன் இணையத் தமிழர் உருவாக்கிக்கொண்ட திஸ்கி குறியேற்றமும், 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்த டாம், டாப் குறியேற்றங்களும் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே எழுத்துறுப்புகளை அடுக்கின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல திஸ்கியில் வெளிவந்தவை. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் அதனோடு டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தபோது எழுந்த விவாதம் பலர் நினைவில் இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம் என்னும் டேஸ்16-இன் கொள்கை சேமிப்புக்கும் பரிமாற்றத்திற்கும் பரவலாக ஏற்கப்படவில்லை. அது நல்லதே என்பது என் எண்ணம், ஏனெனில் உலகம் முழுதும் ஒருங்குறியில் தேடுகிறது. ஆனால் திரையில் வரையும் இறுதிப் படியில், நூல் ஒருங்குறியிலேயே இருக்க, கருவி மட்டும் தன்னுள் எழுத்துக்கு ஓர் இடம் என்னும் அட்டவணையைக் கொள்ளுமாயின், அவ்விரு கட்சியினரின் உழைப்பும் ஒரே கருவியில் பயன்படும்.

தமிழைச் சிறு கருவிக்குள் அடக்க முயன்ற முன்னோடிகளும் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் முன்னின்று உருவாக்கிய சிம்ப்யூட்டர், இந்திய மொழிகளை முதன்மையாகக் கொண்ட கட்டற்ற கைக்கணினி. 2004-இல் விற்பனைக்கு வந்து, எதிர்பார்த்த அளவு பரவாமல் மறைந்தது. 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமான செல்லினம், தமிழ் அறியாத எளிய கைப்பேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியது. முன்னது ஒரு புதிய கருவியையே விற்க முயன்றது. பின்னது மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த கருவியில் புகுந்தது. சமூக நிலைபொருள் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

நிறுவனங்களே காலப்போக்கில் தமிழைச் சேர்த்துவிடும், நாம் ஏன் முயலவேண்டும் என்பார் உளர். கிண்டில் 2007 நவம்பரில் வெளிவந்தது. தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களை அமேசான் கிண்டிலில் விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் தமிழ் வாசகர் என் செய்தனர் என்பதற்குச் சான்று, 2013-இல் தொடங்கி இன்றும் இயங்கும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம். த. சீனிவாசனும் நண்பர்களும் நடத்திவரும் இத்திட்டம், படைப்பாக்கப் பொதும உரிமத்தில் கிடைக்கும் நூல்களை இபப், மோபி வடிவங்களில் தருவதோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே தனியாக ஒரு பிடிஎஃப் வடிவத்தையும் தருகிறது. எழுத்துகளைப் படம்போல் பக்கத்தில் உறையவைக்கும் அவ்வடிவம், தமிழை அடுக்கத் தெரியாத கருவியிலும் தமிழைப் பிழையின்றிக் காட்டியது. ஆனால் உறைந்த பக்கம் உறைந்ததே: எழுத்தைப் பெரிதாக்க இயலாது. ஆறு அங்குலப் பக்கத்தை 4.3 அங்குலத் திரையில் இட்டால் 12 புள்ளி அளவுள்ள எழுத்து 8.6 புள்ளியாகச் சுருங்கிவிடும். கண்பார்வை குன்றிய முதியவர்க்கு அது பயன்படாது.

நிறுவனம் தருவதை நிறுவனமே திரும்பப் பெறவும் கூடும். ஜார்ஜ் ஆர்வெல்லின் நூல்கள் 2009 ஜூலையில் வாங்கியவர்களின் கிண்டில்களிலிருந்தே அழிக்கப்பட்டன. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கம்பிவழி ஏற்றும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரி 26-உடன் நிறுத்திவிட்டது. தனியொருவரின் பொழுதுபோக்கு வாசிப்புக்கு இதனால் பெரும் இழப்பில்லை. பாடநூலும் ஆய்வுநூலும் இவ்வாறு பிறர் கட்டுப்பாட்டில் இருப்பதைப் பல்கலைக்கழகம் ஒன்று ஏற்கலாகாது.

அடியும் வரியும்

எழுத்து சரியாகத் தோன்றிவிட்டால் பணி முடிந்தது என்று நிரலாளர் கருதக்கூடும். தமிழாசிரியர்க்கு அங்கேதான் பணி தொடங்குகிறது. மேற்குறித்த கருவியின் திரையகலம் ஏறத்தாழ 55 மில்லிமீட்டர். ஓரங்கள் போகத் தெளிவாகப் படிக்கத்தக்க அளவில் ஒரு வரிக்குப் பதினைந்து எழுத்தளவே கொள்ளும் என மதிப்பிடலாம். ‘பாடிக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்னும் ஒரே சொல்லில் பதினாறு எழுத்துகள். ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் இது அரிய சொல்லும் அன்று. சொல்லைப் பிளக்காத நிலைபொருள் இத்தகைய சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளி முதல் வரியை வெற்றிடமாக்கும். அல்லது திரைக்கு வெளியே விட்டுவிடும்.

சொல்லை எங்கே பிளப்பது? 1983-இல் ஃபிராங்க் லியாங் தம் ஆய்வேட்டில் வகுத்த முறையே இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. இந்திய மொழிகளுக்கு அம்முறையில் சந்தோஷ் தோட்டிங்கல் உருவாக்கிய விதித்தொகுப்புகளில் தமிழும் உண்டு. அவ்விதிகள் எழுத்து நிலையில் பிழையற்றவை: குறியை உருவிலிருந்து பிரிக்கா. ஆயினும் எழுத்து நிலைக்கு மேலுள்ள வினாக்கள் இலக்கணத்தைச் சார்ந்தவை. புள்ளி பெற்ற மெய் சொல்லுக்கு முதலாகாது என்பது தொல்காப்பிய மரபு. வரிக்கும் அது முதலாகலாகாது என நாம் கொள்வதே கண்ணுக்கு இயல்பு. ‘பாடிக்’ என்று ஒரு வரி முடிந்து ‘கொண்டிருந்த’ என அடுத்தது தொடங்குவது இனிது. ‘பாடி’ என முடிந்து ‘க்கொண்டிருந்த’ எனத் தொடங்குவது கொடிது. இனி, ‘கொண்டு’ என்பதும் ‘இருந்த’ என்பதும் சேரும் எல்லையில் பிளக்கலாமெனின், குற்றியலுகரம் கெட்டு இகரம் ஏறியமையால் அவ்வெல்லை ‘டி’ என்னும் ஓரெழுத்தின் உள்ளேயே விழுகிறது. அங்கே பிளக்க இயலாது. அதற்கு அடுத்துச் சிறந்த இடம் எது? முன்னா, பின்னா? இதனைத் தீர்மானிக்க நன்னூலின் புணரியல் கற்றவர் வேண்டும். ஈஎஸ்பி32 அறிந்தவர் மட்டும் போதாது.

செய்யுளில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் வழியில் அமைந்த ஊர், இக்கட்டுரையாளர் வாழும் அடி அண்ணாமலை. இங்குள்ள மாணிக்கவாசகர் கோயில், திருவெம்பாவை இத்தலத்தில் பாடப்பட்டது என்னும் மரபைத் தாங்கி நிற்கிறது. மார்கழியில் அந்நூலைக் கையடக்கப் பதிப்பாக ஏந்திப் பாடுவோரும் கைப்பேசியில் பார்த்துப் பாடுவோரும் உண்டு. இருபது பாடல்கள், பாடலுக்கு எட்டடி. சிறு வாசிப்பானுக்கு இதனினும் பொருத்தமான நூல் அரிது. ஆயினும் நாற்சீரடி ஒன்று பதினைந்து எழுத்து வரியில் அடங்காது; இரண்டாக மடியும். மடிந்த பகுதி உள்தள்ளி நிற்காமல் ஓரத்திலேயே தொடங்கினால் எட்டடிப் பாடல் பதினாறடிப் பாடலாகத் தோற்றம் தரும். அடிதோறும் முதற்சீரின் இரண்டாம் எழுத்தில் ஒன்றிவரும் எதுகை, மேலிருந்து கீழாகக் கண்ணுக்குப் புலப்படும் ஒழுங்கு. மடிந்த துண்டுகள் இடையிடையே நுழைந்தால் அவ்வொழுங்கு அழிகிறது. யாப்பு பயிலும் முதலாண்டு மாணவர் ஒருவர் அத்திரையைப் பார்த்து அடி பிரிக்கப் புகுந்தால் தவறாகவே பிரிப்பார். மின்னூல் வடிவத்தில் உள்தள்ளலைக் குறிக்க வழியுண்டு. ஆனால் பெரும்பாலான தமிழ் மின்னூல்கள் செய்யுளை வெறும் பத்தியாகவே குறிக்கின்றன. சிறு நிலைபொருள்களும் நடையமைப்புக் குறிப்புகளில் சிலவற்றையே பொருட்படுத்துகின்றன. இரு பக்கமும் திருத்தம் வேண்டும்.

துறையின் பங்கு

கைப்பேசியிலேயே எல்லா நூலும் கிடைக்க இக்கருவி எதற்கு என்னும் வினாவை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வரும் மாணவர்க்கு ஆறாயிரம் ரூபாய் சிறு தொகை அன்று; கைப்பேசி ஏற்கெனவே கையில் இருக்கிறது. எனினும் துறை நூலகம் ஒன்று இத்தகைய பத்துக் கருவிகளை வாங்கி, மதுரைத் திட்டத்தின் சங்க நூல்களையும் நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்களையும் ஏற்றி, புத்தகம்போல் இரவல் தரலாம். மின்மைத் திரை கண்ணைக் கூசவைப்பதில்லை. மின்னேற்றம் நாள்கணக்கில் நிற்கும். நடுவே அழைப்பும் அறிவிப்பும் குறுக்கிடா. நெடிய உரைநூலைத் தொடர்ந்து வாசிக்கும் பழக்கம் தேய்ந்துவருகிறது என்று ஒவ்வொரு கருத்தரங்கிலும் வருந்துகிறோம். வருத்தத்தோடு செய்யத்தக்க செயலும் ஒன்று இருக்கவேண்டும்.

தன்னார்வலர் பணி நிலையற்றது, நிலைபொருளை மாற்றும்போது கருவி பழுதாகலாம், உத்தரவாதம் போகலாம் என்னும் தடைகள் உண்மையானவை. எனவேதான் துறை அளிக்கும் பங்கு எந்த ஒரு நிலைபொருளையும் சார்ந்து நிற்கலாகாது. எழுத்து அட்டவணை, வரிபிளப்பு விதிகள், செய்யுளமைப்புக் குறிப்பு ஆகியவற்றைத் தனி ஆவணங்களாகக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டால், இன்றைய நிலைபொருள் மறைந்தாலும் நாளை வருவது அவற்றை எடுத்துக்கொள்ளும். முதுகலை மாணவர் ஒருவரின் ஆய்வேடாக இவற்றுள் ஒன்றை ஏற்பதற்குத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அகராதி தொகுப்பதும் சுவடி பெயர்த்தெழுதுவதும் ஆய்வாக ஏற்கப்படுமாயின் இதுவும் ஏற்கப்படவேண்டும். மதிப்பீட்டுக் குழுவினர்க்கு இதன் உழைப்பு விளங்கும்படி எடுத்துரைப்பதே கடினம்.

உடனடியாகத் தேவைப்படுவது ஒரு சோதனைப் பனுவல். 247 எழுத்துகளும் சொல்லிடையில் அமைந்த நாலைந்து பக்கங்கள். தட்டச்சாளர் பலர் ‘ஔ’ என்பதற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் இணைத்தே இடுவதால் இரண்டும் அருகருகே. ‘கொ’ என்பதன் ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கப்படக்கூடுமாகையால் இருவகையும். பதினாறு எழுத்துக்கு மேற்பட்ட சொற்கள் சில. குறள்போல் ஈரடிப் பாட்டொன்றும் எட்டடிப் பாட்டொன்றும் ஆசிரியப்பா ஒன்றும். எதிரே ஒவ்வொன்றும் தோன்றவேண்டிய முறையில் அச்சிட்ட படம். தமிழ் அறியாத நிரலாளரும் படத்தையும் திரையையும் ஒப்பிட்டுப் பிழை காணலாம். இப்பனுவலைத் தொகுக்கையில் துறைகள் கூடி முடிவெடுக்கவேண்டிய இடங்களும் சில உண்டு. ககர மெய்யும் ஷகரமும் அடுத்துவரும்போது ஒருங்குறி எழுத்துருக்கள் அவற்றை ஒரே கூட்டெழுத்தாகவே காட்டுகின்றன. ‘ரிக்‌ஷா’ என்று பிரித்தெழுத விரும்புவோர் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை இடவேண்டியுள்ளது. வரிபிளப்பில் க்ஷகரத்தை ஓரெழுத்தாகக் கொள்வதா, ஈரெழுத்தாகக் கொள்வதா என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. அது துறைகளின் பொதுவிடையாக வரவேண்டும்.